லினக்ஸுக்கு எந்த மடிக்கணினி? வாங்கும் முன் ஒரு பென்டிரைவ் சோதனை

குறுவள மையக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "சார், லினக்ஸ் போடணும்னா எந்த கம்பெனி லேப்டாப் வாங்கலாம்?"

முன்பெல்லாம் எப்போதாவது ஒருவர் கேட்பார். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன பிறகு, கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால், இன்டெல் செயலி என்றால் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நம்மில் பலர் வைத்திருப்பது அதற்கும் பழையது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பரணில் ஏற்ற மனம் வராமல் சிலர் கேட்கிறார்கள். புதிதாக வாங்கப் போகிறவர்களோ, விண்டோஸ் இல்லாமல் வரும் மாடல் விலை குறைவாக இருப்பதைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

கம்பெனிப் பெயரைக் கேட்காதீர்கள், உள்ளே என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று கேளுங்கள் என்பதுதான் என் பதில். அதைவிட நல்லது, ஒரு பென்டிரைவில் லினக்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பணம் கொடுக்கும் முன் அதே கணினியில் ஓட்டிப் பார்ப்பது. தேநீர் ஆறுவதற்குள் இதை விளக்கி முடிக்க முடிவதில்லை. எனவே இங்கே எழுதுகிறேன்.

நமக்கு ஏன் லினக்ஸ்?

எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் லிப்ரே ஆபீஸ் கால்க் ஒரு பாடம். ஒன்பதாம் வகுப்பில் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ். பதினோராம் வகுப்புக் கணினி நூலில் விண்டோஸோடு உபுண்டுவும் சேர்த்தே கற்பிக்கப்படுகிறது. ஆக, நம் பாடநூல்களுக்குள் லினக்ஸ் உலகம் ஏற்கெனவே வந்துவிட்டது.

கணினிகளிலும் அது புதிதல்ல. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்திலேயே அந்நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம். முதல் பதிப்பு 2007இல் வந்தது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் (2017 முதல் அதற்கு கைட் என்று பெயர்) அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியை முழுக்க லினக்ஸில் நடத்துகிறது. அங்குள்ள ஆசிரியர்கள் நம்மைவிடக் கணினி அதிகம் படித்தவர்கள் அல்லர்.

இந்த மொத்தக் கொள்முதல்களில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதில் லினக்ஸ் ஓட வேண்டும் என்பதை வாங்குபவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். லட்சக்கணக்கில் வாங்கும் அரசு நிபந்தனை போட்டால், அதற்கேற்ற பாகங்களைப் பொருத்தித்தான் நிறுவனங்கள் தருவார்கள். நான் இதுவரை கையில் எடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி எதிலும் லினக்ஸ் போட்டபின் வைஃபைக்காக அலைய நேர்ந்ததில்லை. இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடைக்குத் தனி ஆளாகப் போகும் நாம் டெண்டர் போட முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்க முடியும்.

எங்கே சிக்கல் வருகிறது?

ஒரு கணினிக்குள் வைஃபை, ஒலி, திரை, டச்பேட், கேமரா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சில்லு இருக்கிறது. ஒவ்வொரு சில்லோடும் பேச இயங்குதளத்துக்கு ஒரு டிரைவர் வேண்டும். விண்டோஸுக்கு அந்த டிரைவரைச் சில்லு தயாரித்த நிறுவனமே எழுதித் தந்துவிடும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் எனப்படும் மையப் பகுதிக்குள்ளேயே சேர்ந்து வருகின்றன. அதனால் லினக்ஸ் போட்டதும் டிரைவர் சி.டி.யைத் தேடும் வேலை இல்லை; எல்லாம் தானாக இயங்கும். இது பெரிய வசதி. ஆனால் உங்கள் சில்லுக்கான டிரைவர் அந்தக் கெர்னல் பதிப்பில் இன்னும் சேரவில்லை என்றால், அந்தப் பாகம் இருப்பதே கணினிக்குத் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், சேமித்த பணத்தில் அப்போதுதான் சந்தைக்கு வந்த ஒரு மாடலை வாங்கினேன். கடைக்காரர் "எல்லாம் ஓடும் சார்" என்றார். நானும் நம்பினேன். வீட்டில் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த பழைய லினக்ஸ் மின்ட் பதிப்பைப் போட்டேன். திரை வந்தது, ஒலி வந்தது. வைஃபை பட்டியல் மட்டும் வரவில்லை. நம்மூர் கடையில் காட்டினேன். "விண்டோஸ் போட்டுடலாம் சார்" என்பதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்பில் இம்ப்ரெஸ் நடத்தப் போனேன். பாடத்துக்கு வேண்டிய படங்களை இறக்க முடியவில்லை. கரும்பலகையில் ஒரு ஸ்லைடின் கட்டத்தை வரைந்து, "இங்கே படம் வரும்" என்று எழுதிக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தீர்வு என் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, அமைப்புகளில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால், வைஃபை இல்லாத லினக்ஸ் கணினிக்கும் இணையம் கிடைத்துவிடும். தனி டிரைவர் எதுவும் வேண்டாம். அப்படி இணைத்துக் கெர்னலைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் வைஃபை வந்துவிட்டது. கால் மணி நேர வேலை. இது தெரியாமல் மூன்று வாரம் ஓடிவிட்டது. லினக்ஸ் போடும் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த டெதரிங்தான்.

முதலில் யாரை விலக்குவது?

எங்கள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) வெட்டிய குடவோலைக் கல்வெட்டு எல்லோருக்கும் தெரிந்தது. யார் உறுப்பினராகலாம் என்பதோடு, யாரெல்லாம் ஆகக்கூடாது என்பதையும் அது நுணுக்கமாகச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் கூடாது. பெயர்களைக் குடத்தில் போடும் முன்பே விலக்க வேண்டியவர்களை விலக்கிவிடுகிறார்கள். மடிக்கணினிக்கும் அதுவே எளிய வழி.

விலக்க வேண்டியவற்றில் முதலாவது, அண்மையில் வெளியான மாடல். சில்லு புதிது என்றால் டிரைவர் கெர்னலுக்குள் வந்து சேரக் காலம் பிடிக்கும். சந்தைக்கு வந்து ஓராண்டு ஆன மாடல் விலையும் குறைந்திருக்கும், சிக்கல்களும் தீர்ந்திருக்கும். புதிதாக வருவதை முதல் ஆளாக வாங்கிப் பெருமைப்படும் ஆசையைக் கைப்பேசியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது, ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகைச் செயலியில் ஓடும் விண்டோஸ் மடிக்கணினிகள். பேட்டரி நெடுநேரம் நிற்கும் என்று விளம்பரம் செய்வார்கள். ஆனால் நாம் வழக்கமாக இறக்கும் லினக்ஸ் பதிப்புகள் இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கானவை. இன்டெல்லா, ஏஎம்டியா என்ற கேள்வியில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுமே லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன.

மூன்றாவது, என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை தனியாகப் பொருத்திய, விளையாட்டுக்கான மடிக்கணினிகள். இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்கு டிரைவர் கெர்னலிலேயே உண்டு. என்விடியாவுக்கு அந்நிறுவனத்தின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். கெர்னல் மாறும்போது சில சமயம் அது தகராறு செய்யும். இன்னொன்று, சில மாடல்களில் எச்.டி.எம்.ஐ. துளை அந்த என்விடியா அட்டையோடுதான் இணைந்திருக்கும். டிரைவர் சரியில்லை என்றால் மடிக்கணினித் திரையில் எல்லாம் தெரியும், புரொஜெக்டரில் ஒன்றும் தெரியாது. வகுப்பறையில் அது நமக்குத் தாங்காது. நாம் செய்யும் வேலைக்குத் தனிக் கிராஃபிக்ஸ் அட்டை தேவையும் இல்லை.

நான்காவது, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இ.எம்.எம்.சி. சேமிப்பு என்று மலிவாக விற்பவை. லினக்ஸ் ஓடும்தான். ஆனால் பெரும்பாலும் இரண்டுமே பலகையோடு பற்றவைத்திருக்கும். பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். கூடுதல் ரேம் போட ஒரு துளை காலியாக இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

கைரேகை உணரியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. பல மாடல்களில் அது லினக்ஸில் இயங்காது. கடவுச்சொல் தட்ட நமக்கு இரண்டு விரலே போதும்.

வைஃபை: இதில் நேரம் செலவிடுங்கள்

மேலே சொன்னவற்றை விலக்கியபின் மிச்சமிருக்கும் மாடல்களில் பெரும்பாலான பாகங்கள் இயங்கிவிடும். தகராறு வந்தால் வைஃபையில்தான் வரும். விளம்பரத் தாளில் 'வைஃபை 6' என்று மட்டும் போட்டிருப்பார்கள். யாருடைய சில்லு என்று சொல்ல மாட்டார்கள்.

இன்டெல் வைஃபை என்றால் கவலையில்லை. அதன் டிரைவர் நெடுங்காலமாகக் கெர்னலில் இருக்கிறது. ரியல்டெக், மீடியாடெக் என்றால் எந்த எண் என்று பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பல மலிவு மடிக்கணினிகளில் இருக்கும் ரியல்டெக் 8852பிஇ என்ற சில்லுக்கான டிரைவர் கெர்னல் 6.2இல்தான் சேர்ந்தது. உபுண்டு 22.04 முதலில் வெளிவந்தபோது அதிலிருந்தது கெர்னல் 5.15, லினக்ஸ் மின்ட் 21இலும் அதுவே. அந்தக் கணினியில் இவற்றைப் போட்டால் வைஃபை வராது. கெர்னல் 6.8 கொண்ட உபுண்டு 24.04 அல்லது மின்ட் 22 போட்டால் அதே கணினியில் வைஃபை வரும். "லினக்ஸில் வைஃபை வராது சார்" என்று நம்மிடம் சொல்பவர்களில் பலர் பழைய பதிப்பைப் போட்டவர்கள்தான்.

பழைய கணினிகள் சிலவற்றில் இருக்கும் பிராட்காம் சில்லு வேறு வகை. அதற்குத் தனி டிரைவர் இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்த வட்டத்திலிருந்து வெளியே வர முன்பு சொன்ன டெதரிங் உதவும்.

கடையில் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரித்தால் சில்லின் பெயரும் எண்ணும் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் என்றால் டெர்மினலைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் அழுத்தினால் போதும்; உள்ளே இருக்கும் முக்கியமான பாகங்கள் அனைத்தும் பட்டியலாக வரும். ஒரே மாடல் பெயரில் வரும் இரண்டு கணினிகளில்கூட வைஃபை சில்லு வேறுபடலாம். அதனால், "என் மைத்துனர் இதே மாடல்தான் வச்சிருக்கார்" என்பது முழு உத்தரவாதம் ஆகாது.

கடையில் பத்து நிமிடம்

பென்டிரைவ் தயாரிப்பது கடினமில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் கோப்பை அதன் அதிகாரபூர்வ வலைத்தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற மென்பொருளால் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். தேர்வுத்தாள் இருக்கும் பென்டிரைவைப் பயன்படுத்திவிடாதீர்கள்.

கணினியை இயக்கியதும் துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பயாஸ் அமைப்பில் அதை முதலில் இயக்கி வைக்க வேண்டியிருக்கலாம். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் போனால் லினக்ஸ் நேரடியாக நினைவகத்தில் ஓடும். கணினியின் வட்டில் எதுவும் எழுதப்படாது. கடைக்காரருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் பயப்பட மாட்டார்.

திரை வந்ததும் வைஃபை பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு காணொளியை ஓட்டுங்கள். ஒலியும் அப்போதே தெரிந்துவிடும். ஒளி கூட்டும் குறைக்கும் விசைகளை அழுத்துங்கள். டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்துங்கள். கேமராவைத் திறந்து பாருங்கள். வழக்கமான கேமராக்கள் இயங்கிவிடும், மெல்லிய விலை உயர்ந்த மாடல்கள் சிலவற்றில் வரும் புதுவகை இன்டெல் கேமராக்கள் தகராறு செய்யலாம். கடையிலிருக்கும் டி.வி.யோடு எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்துப் பாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆசிரியருக்கு இதுதான் முக்கியம்.

பிறகு மூடியை மூடுங்கள். இரண்டு நிமிடம் கடைக்காரரிடம் விலை பேசுங்கள். மறுபடி திறந்தால் திரை உடனே வர வேண்டும். வைஃபை மீண்டும் இணைய வேண்டும். சில கணினிகள் இங்கேதான் தோற்கும். இதோடு தொடர்புடைய இன்னொரு குறை கடையில் தெரியாது: புதிய மடிக்கணினிகள் பலவற்றில் மூடிய பிறகும் உள்ளே பாதி விழிப்பாக இருக்கும் உறக்கமுறைதான் உண்டு. லினக்ஸில் அது சரியாகப் படியாத மாடலில், காலையில் முழுப் பேட்டரியோடு மூடிப் பைக்குள் வைத்தால் மதியம் எடுக்கும்போது கணினி சூடாக இருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும். வாங்கிய முதல் வாரத்திலேயே இரவில் மூடி வைத்து, காலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். அப்படிக் குறையும் மாடல் என்றால் மூடுவதோடு விடாமல் முழுவதுமாக அணைத்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் வேண்டும்.

பெட்டியைப் பிரிக்க முடியாது என்று சொல்லும் கடைகளில், காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் சோதிக்கலாம். இணையத்தில் வாங்கினால், திருப்பித் தரும் கால அவகாசத்தையும், எந்தக் காரணத்துக்குத் திரும்ப எடுப்பார்கள் என்பதையும் முன்பே படித்து, வந்த அன்றே சோதியுங்கள். எந்தெந்த மாடல்களைச் சோதித்துச் சான்றளித்திருக்கிறோம் என்ற பட்டியலை உபுண்டுவை வெளியிடும் கனானிகல் நிறுவனம் தன் தளத்தில் வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். அதில் நிறைந்திருப்பவை லெனோவாவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக், புரோபுக் போன்ற அலுவலக வரிசைகள். லெனோவா 2020இல் தன் திங்க்பேட் வரிசைக்கு லினக்ஸ் சான்று பெறுவதை விரிவாக்கியது. இவை புதிதாக வாங்கினால் விலை அதிகம். ஆனால் நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழிப்பதால், சென்னை ரிச்சி தெருவில் புதுப்பித்த நிலையில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், குறைந்த பணத்தில் லினக்ஸ் போட நினைக்கும் ஆசிரியருக்கு மலிவான புது மடிக்கணினியைவிட இதுவே மேல். விசைப்பலகை உறுதியாக இருக்கும். ரேமும் வட்டும் பெரும்பாலான மாடல்களில் மாற்றக்கூடியவை. வைஃபை பெரும்பாலும் இன்டெல்தான். பயாஸில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் இல்லையே என்று மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். அது இருந்தால் பென்டிரைவிலிருந்து துவக்கவே விடாது. பேட்டரி தேய்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, புது பேட்டரி விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

விண்டோஸும் இருக்கட்டும் என்பவர்களுக்கு

இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டோஸ் 11 உடன் வரும் புதுக் கணினிகளில் வட்டு பெரும்பாலும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி கையில் இல்லை என்றால் உள்ளே இருக்கும் கோப்புகள் போனவைதான். எனவே பயாஸுக்குள் நுழையும் முன் அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மறையாக்கத்தையே நீக்கிவிடுங்கள்.

லினக்ஸ் நிறுவும்போது வட்டே தெரியவில்லை என்றால் பயாஸில் இன்டெல் ஆர்.எஸ்.டி. அல்லது வி.எம்.டி. என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்தினால் வட்டு தெரியும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் நிறுத்தினால் விண்டோஸ் துவங்காது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுமையாக அணையாது. அதன் பகுதியிலிருக்கும் கோப்பை லினக்ஸிலிருந்து படிக்க முடியும், திருத்திச் சேமிக்க முடியாமல் போகும். இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால், விண்டோஸ் இல்லாத மாடலையே வாங்கி லினக்ஸ் மட்டும் போடுவது நிம்மதி.

பள்ளி வேலைகள் ஓடுமா?

இணைய உலாவியில் செய்யும் வேலை எதற்கும் தடையில்லை. எமிஸ், தீக்ஷா எல்லாம் ஃபயர்ஃபாக்ஸ், குரோமில் திறக்கும். தமிழ் தட்டச்சுக்கு யூனிகோடில் தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலேயே உண்டு. சிக்கல், வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களில் நாம் சேர்த்து வைத்திருக்கும் வினாத்தாள்களில்தான். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் அவற்றைத் திறந்து படிக்கவும் அச்சிடவும் முடியும். புதிதாகத் தட்டுவதற்கான வானவில் மென்பொருள் விண்டோஸுக்கானது. இதை ஒரு சாக்காக வைத்து யூனிகோடுக்கு மாறிவிடலாம். யூனிகோடைப் பின்பற்ற அரசு 2010லேயே ஆணையிட்டுவிட்டது.

அச்சுப்பொறியை வாங்கும் முன்பும் இதே விசாரணை தேவை. எச்.பி. அச்சுப்பொறிகள் பெரும்பாலானவற்றுக்கு அந்நிறுவனமே தரும் லினக்ஸ் மென்பொருள் இருக்கிறது. அலுவலகங்களில் பரவலாக இருக்கும் கேனான் எல்.பி.பி. 2900 தனி நெறிமுறையில் இயங்குவது. அதற்கான டிரைவரைத் தேடி நிறுவப் பொறுமை வேண்டும்.

தலைமையாசிரியர் அறைக் கணினியில் மட்டும் அவசரப்பட்டு லினக்ஸ் போட வேண்டாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி போன்றவற்றோடு வரும் மென்பொருள்கள் விண்டோஸை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கலாம். மாதச் சம்பளப் பட்டியல் போகும் கணினியில் பரிசோதனை செய்தால் மொத்தப் பள்ளியும் நம்மைத்தான் பார்க்கும்.

இவ்வளவும் படித்த பிறகு, புதிதாக வாங்கத்தான் வேண்டுமா என்று ஒரு முறை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பிள்ளைகளோ உறவினர்களோ பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. என்னிடம் படித்த ஒரு மாணவியின் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. திறந்தால் விண்டோஸ் வந்து சேரவே ஐந்து நிமிடம் ஆகும். சுழலும் வட்டை எடுத்துவிட்டு 256 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டோம், ரேமை 4 ஜிபியாக்கி, மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை நிறுவினோம். வேகம் கூடியதில் பெரும்பங்கு அந்த எஸ்.எஸ்.டி.யுடையது. அவளுடைய தம்பி இப்போது எட்டாம் வகுப்பு. கால்க் பாடத்தை அதில்தான் செய்து பார்க்கிறான். பேட்டரி செத்துவிட்டதால் கணினி சார்ஜர் வயரோடுதான் ஓடுகிறது. மின்சாரம் போனால் கணக்கை மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். இரண்டு வரிக்கு ஒருமுறை சேமிக்க இப்போது பழகிக்கொண்டான்.